பேசும் பெட்டி, கேட்காத பெட்டிகள்

போன வாரம் ரோழே அம்மையப்பனின் கோட்டுப் பைக்குள் ஒரு கடிதம் போனதைப் பார்த்துவிட்டுத்தான் நாம் லெமேர் வீதியை விட்டுக் கிளம்பினோம். இந்த ஆறு நாளில் கோட்டு இஸ்திரிக்குப் போய் வந்தது. கடிதம் போகவில்லை. அதை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து, கோட்டு திரும்பியதும் அதே உள்பையில், அதே மடிப்போடு வைத்துக்கொண்டார்.

அது அவர் மருமகள் மங்கையர்க்கரசியின் ராஜினாமாக் கடிதம். பாரதியார் வீதியில் தட்டச்சு நிலையத்தில் மாமனார் சொல்லச் சொல்ல அடித்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. இன்று, 1986 ஜூலை பதினாலாம் தேதி, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு மணி டியூட்டிக்குப் போகும்போது ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். வீட்டு உத்தரவு.

ஆறு வருஷமாக அவள் காரைக்கால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். விழிதியூரில் விவசாயம் பார்க்கும் முத்தையனின் மகள், பரீட்சை எழுதித் தானாகப் பிடித்த வேலை. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. மாமனாரிடம் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். கர்வம் அவருக்கு நன்றாகப் பழக்கமான விஷயம்.

"பிரெஞ்சு நாசியோனாலித்தே, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் இது. நம்ம வீட்டுப் பொண்ணு, மீன் மண்டிக்காரனுக்கெல்லாம் 'நம்பர் சொல்லுங்க, நம்பர் சொல்லுங்க'ன்னு கெஞ்சிக்கிட்டு இருக்கிறதா? எப்படியும் சார்லுகிட்ட போகப்போறவ. இப்பவே விட்டா என்னா?" இது அவர் கட்சி.

சார்ல் அவள் கணவன். இரண்டு வருஷமாகப் பாரீசில் வேலை. இந்த விஷயத்தில் அவன் எந்தக் கட்சி என்று அவன் கடிதங்களைப் படித்து யாராலும் சொல்ல முடியாது. அவற்றில் பனி இருந்தது, மெத்ரோ ரயில் இருந்தது, முட்டைக்கோஸ் விலை இருந்தது.

சரி, இன்றைய தினத்துக்கு வருவோம்.

பிரான்சின் தேசிய தினமான ஜூலை பதினாலு காரைக்காலில் சொல்தாக்களின் நாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள், மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் கைலியோடு நண்டுக்குப் பேரம் பேசுகிறவர்கள், அன்று கோட்டும் டையும் பதக்கமுமாய்ப் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் விறைத்து நிற்பார்கள். ரோழே அவர்களில் 'அட்ஜுதான்' என்ற பட்டாளப் பதவியில் இருந்தவர். இந்தோசீனா யுத்தத்தைப் பார்த்தவர். அங்கே அவர் உருளைக்கிழங்கு நிறுத்துக் கொடுக்கும் பிரிவில்தான் இருந்தார். அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. பீரங்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் தராசைப் பற்றிச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

இந்த வருஷம் அவருக்கு ஒரு கூடுதல் கௌரவம். பாண்டிச்சேரியிலிருந்து வந்து விருந்தினர் விடுதியில் தங்கியிருக்கும் பிரெஞ்சு அதிகாரியை எட்டே முக்காலுக்கு ஏற்றிக்கொண்டு நினைவுச் சின்னத்துக்கு அழைத்துப் போகும் பொறுப்பு. அந்தப் பொறுப்பு அவருக்குக் கிடைத்ததல்ல. அவர் காருக்குக் கிடைத்தது.

கார் போன மாதம்தான் பிரான்சிலிருந்து வந்து மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கியது. வெள்ளி நிறம். எஞ்சின் பக்கம் இரண்டு, உள்ளே டேஷ்போர்டில் ஒன்று, ஆக மூன்று கறுப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் எலெக்ட்ரானிக் சமாச்சாரம். அதையெல்லாம் விட முக்கியம், அது பேசும். கதவு சாத்தவில்லை என்றால், எண்ணெய் குறைந்தால், உள்ளே ஒரு பெண்குரல் பிரெஞ்சில் எடுத்துச் சொல்லும். ரோழேயை ஐயா என்பதற்கு 'முசே' என்று அழைக்கும் தெரு, அந்தக் குரலுக்கு அம்மணி என்ற பொருளில் 'மதாம்' என்று பெயர் வைத்துவிட்டது. மதாம் பேசுவதைக் கேட்க திருநள்ளாற்றிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். ரோழே ஒவ்வொரு தடவையும் கதவை அரைகுறையாய்ச் சாத்திக் காட்டினார்.

காலை ஏழு மணிக்கு அவர் பதக்கங்களோடு வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் கிர்ர், கிர்ர் என்று சுற்றியது. பிடிக்கவில்லை. மதாம் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி திருப்பினார். கிர்ர், கிர்ர்.

"இந்த ஊரு பெட்ரோல்," என்றார் ரோழே.

ஏழரைக்கு மாமியார் ழானெத் சத்தமில்லாமல் ஆள் அனுப்பி பீர் மைதீனை வரவழைத்திருந்தாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். மாவட்டத்தில் அவர் கை படாத லாரி இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பிளக்கைக் கழற்றி, ரோழேயை விட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லிப் பார்த்தார். நீலப் பொறி அழகாகத் தெறித்தது.

"ஸ்பார்க் இருக்கு. பெட்ரோல்தான் வரலை. டேங்குல நெறைய இருக்கு, பம்பு ஓடமாட்டேங்குது." கறுப்புப் பெட்டிகளில் ஒன்றைத் தட்டினார். "பம்பை ஓடச் சொல்லி உத்தரவு குடுக்கிறது இந்தப் பெட்டி. இது மவுத்தாயிடுச்சு முசே. பிரான்சுலேர்ந்து வேற வரணும்."

"பிரெஞ்சுப் பெட்டி சாகாது," என்றார் ரோழே. "பெட்ரோல்ல தண்ணி."

"தண்ணின்னா கூட பம்பு ஓடுமே முசே."

"எனக்குச் சொல்றியா நீ? இந்தோசீனாவுல..."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஊமையாய்ப் போன மதாமைப் பார்க்க, பேசும் மதாமைப் பார்க்க வந்ததைவிட அதிகம் பேர். சைக்கிளை நிறுத்திக்கொண்டு ஒருவர், "வாடகைக்கு அம்பாசிடர் ஒண்ணு இருக்கு முசே, சொல்லட்டுமா?" என்றார். ரோழேயின் முகம் அம்பாசிடர் என்ற சொல்லைக் கேட்டதும் சுண்டிவிட்டது.

மங்கை காப்பித் தட்டோடு காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை சாவி திரும்பியபோதும் அவள் பார்த்தது எஞ்சினை அல்ல.

"அண்ணே," என்றாள் பீர் மைதீனிடம். "எஞ்சின் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு காட்டுற முள்ளு ஒண்ணு உள்ள இருக்குல்ல? தினம் சாவி போட்டதும் அது லேசா துள்ளும். இன்னிக்குத் துள்ளவே இல்லை. அதுவும் இந்தப் பெட்டி காட்டுறதுதானா?"

"இல்ல தங்கச்சி. அது உள்ள டேஷ்போர்டுல இருக்கிற பேசுற பெட்டி. வேற."

"அப்ப ரெண்டு பெட்டியும் ஒண்ணா செத்துப்போச்சாண்ணே?"

பீர் மைதீன் தலையைச் சொறிந்தார். ரோழே காப்பியை வாங்கிக்கொண்டு, "உள்ள போம்மா. இது மெக்கானிக் வேலை," என்றார்.

அவள் போகவில்லை. அவள் உத்தியோகத்தில் தினமும் நடப்பதுதான் இது. ஒரு வீட்டு டெலிபோன் செத்தால் லைன்மேன் அந்த வீட்டுக்குப் போவார். பக்கத்துப் பக்கத்து இரண்டு வீடு ஒரே சமயத்தில் செத்தால், எந்த வீட்டுப் படியும் ஏறமாட்டார். இரண்டு கம்பியும் சேருகிற இடத்துக்குப் போவார்.

"மாமா, கார் கூட ஒரு புஸ்தகம் வந்துச்சே. அத கொஞ்சம் பாக்கலாமா?"

அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. ரோழே அதைக் கையில் எடுத்து, கூட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, முதல் பக்கத்தை உரக்க, கம்பீரமாக, பிரெஞ்சில் வாசித்தார். கூட்டம் மரியாதையாகக் கேட்டது.

"என்னா சொல்லுது?" என்று கேட்டார் பீர் மைதீன்.

"பெல்ட் போட்டுக்கணும்னு சொல்லுது," என்றாள் ழானெத்.

மங்கை புத்தகத்தை மெதுவாக வாங்கிக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். அங்கே பிரெஞ்சு அதிகம் இல்லை. கோடுகள்தான். பெட்டிகளுக்குச் சதுரம், கம்பிகளுக்குக் கோடு, கோட்டின் மேல் எண். பீர் மைதீன் பனியன் நுனியில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். இரண்டு பேர் விரல்களும் ஒரு கோட்டின் மேல் ஊர்ந்தன.

"இது ஸ்பார்க் பெட்டி. இதுக்குத்தான் எஞ்சின் சுத்துறது மொதல்ல தெரியுது," என்றார் அவர். "இதுலேர்ந்து ஒத்த வயரு கிளம்புது..."

"இங்க ரெண்டாப் பிரியுது. ஒண்ணு பெட்ரோல் பெட்டிக்கு. இன்னொண்ணு மதாமுக்கு." மங்கையின் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. "எஞ்சின் சுத்துது, எஞ்சின் சுத்துதுன்னு ஸ்பார்க் பெட்டி சொல்லிக்கிட்டே இருக்கணும் போல அண்ணே. அந்தச் சேதி வந்தாத்தான் பெட்ரோல் பெட்டி பம்பை ஓட விடும். மதாம் முள்ளை ஆட்டுவா. ரெண்டுக்கும் சேதி வரலை. வரலைன்னா பெட்டியக் குத்தம் சொல்லி என்ன பிரயோசனம்?"

பீர் மைதீன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முப்பது வருஷமாக அவரிடம் வண்டிக்காரர்கள் நோயைச் சொல்லியிருக்கிறார்கள். காரணத்தை யாரும் சொன்னதில்லை.

"அப்ப ஒண்ணு, சொல்ற பெட்டி சொல்லலை. இல்லாட்டி, நடுவுல வயரு," என்றார். "டெஸ்ட் லாம்ப் போட்டுப் பாத்துடுவமா?"

"வேண்டாண்ணே! இந்தச் சேதி ரொம்ப நோஞ்சான் கரன்ட்டுல வரும். பல்பு வச்சா அதையும் உறிஞ்சிடும், பெட்டி நெசமாவே செத்துடும். இருங்க."

உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய டெலிபோன் காதுக்குழல். எக்ஸ்சேஞ்சில் கழித்துப் போட்டதை லைன்மேன் சுப்பையன் அவளுக்குக் கொடுத்தது. சும்மா வைத்திருந்தாள்.

"உங்க பையில ஸ்கூட்டர் கன்டென்சர் இருக்குமாண்ணே? அத நடுவுல கோத்தா, துடிப்பு மட்டும் காதுக்கு வரும், பெட்டிக்குப் பாரம் இருக்காது."

இருந்தது. பீர் மைதீன் பல்லால் வயரை உரித்து முறுக்கிக் கொடுத்தார். மங்கை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காதுக்குழலைக் காதில் வைத்தாள். ஒரு முனையை வண்டியின் உடம்பில் வைத்தாள். மறு முனையை ஸ்பார்க் பெட்டியிலிருந்து கிளம்பும் அந்த ஒற்றை வயரில் வைத்தாள்.

"மாமா, சாவி."

ரோழே அசையவில்லை. அட்ஜுதானுக்கு யாரும் கட்டளை இடுவதில்லை.

"எட்டாகப் போவுதுங்க," என்றாள் ழானெத்.

சாவி திரும்பியது. கிர்ர், கிர்ர். காதில் ஒன்றுமில்லை. நடுக்கடல் போல நிசப்தம்.

"நிறுத்துங்க மாமா. அண்ணே, இப்ப அந்த வயரைப் பெட்டியிலேர்ந்து கழட்டிடுங்க. பெட்டியோட பல்லுலயே நேரா வச்சுக் கேக்கறேன். மாமா, சாவி."

இந்தத் தடவை தாமதமில்லாமல் திரும்பியது.

டக், டக், டக், டக்.

மங்கையின் முகம் அப்படியே மலர்ந்துபோனது. எத்தனையோ இரைச்சலுக்கு நடுவே, மெட்ராஸிலிருந்து ஒரு குரல் மெலிசாய் எட்டும்போது அவளுக்கு வரும் முகம் அது. காதுக்குழலைக் கழற்றிப் பீர் மைதீனின் காதில் வைத்தாள்.

"அல்லாவே," என்றார் அவர். "பேசுது தங்கச்சி! பொட்டி பேசுது!"

"அது பாட்டுக்குப் பேசிக்கிட்டுதான் இருக்கு. இதுங்க ரெண்டும் கேக்கத்தான் ரெடியா இருக்கு. நடுவுல யாரோ கழுத்தப் புடிச்சிருக்காங்க." அவள் அந்த வயரைப் பார்த்தாள். அது மற்ற வயர்களோடு ஒரு கறுப்பு உறைக்குள் நுழைந்து, முன்சக்கரத்து மட்கார்டின் உள்விளிம்பு ஓரமாக மறைந்து போனது. "இப்ப மூணு பெட்டியோட சாக்கெட்டையும் கழட்டிடுங்கண்ணே. வயரு தனியா நிக்கட்டும். அப்புறம் உங்க லாம்ப் வைக்கலாம், யாருக்கும் சேதமில்ல."

பேட்டரியின் ஒரு முனைக்கும் அந்த வயருக்கும் நடுவே லாம்பை வைத்தார்கள். எந்தப் பெட்டியிலும் மாட்டாத வயர். எரியக்கூடாது.

நன்றாக எரிந்தது.

"எர்த்," என்றார் பீர் மைதீன். "எங்கேயோ பாடியில தொட்டுக்கிட்டு நிக்குது. சேதி கிளம்பின இடத்துலயே தரையில இறங்கிடுது."

"எங்கேன்னுதான் தெரியணும். உறை முழுக்கப் பிரிச்சா இன்னிக்கு முடியாது." மங்கை புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். பிறகு எக்ஸ்சேஞ்சில் புகார்ச் சீட்டு எழுதும்போது கேட்கும் கேள்வியைக் கேட்டாள். "மாமா, கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு?"

"நேத்து மத்தியானம். மார்க்கெட் வரைக்கும்."

"அதுக்கப்புறம் வண்டில எதாவது பண்ணீங்களா?"

"ஒண்ணும் பண்ணல."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் செய்ததை அவர் வேலை என்று நினைக்கவில்லை, அது மரியாதை. காரின் முன்மட்கார்டில் பித்தளைப் பிடி ஒன்று, அதில் ஒரு முழக் கம்பம், கம்பத்தில் நீலமும் வெள்ளையும் சிவப்புமாக ஒரு சின்னக் கொடி. ராஷ்டிரபதி கார் மாதிரி இருக்க வேண்டும் என்று பட்டறையில் சொல்லிச் செய்தது. நேற்றுச் சாயங்காலம் அவர் மாட்டியிருந்தார்.

இப்போது கையைப் பிசைந்துகொண்டு நின்ற ரோழேக்கு, கொடி லேசாகச் சாய்ந்திருப்பது கண்ணில் பட்டது. கார் ஓடாவிட்டாலும் கொடி சாயக்கூடாது. போய்க் கம்பத்தைப் பிடித்து நிமிர்த்தினார்.

லாம்ப் அணைந்தது.

கையை எடுத்தார். எரிந்தது.

மறுபடி சாய்ந்துவிட்டதே என்று மறுபடி நிமிர்த்தினார். அணைந்தது.

மங்கையும் பீர் மைதீனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பீர் மைதீன் குனிந்து, மட்கார்டின் அடியில் கையை விட்டுத் துழாவினார். கறுப்பு உறையைக் குத்திக்கொண்டு ஒரு நீளத் திருகாணியின் முனை அவர் விரலில் பட்டது. கொடிப் பிடியின் திருகாணி.

"முசே, உங்க கொ..." என்று அவர் ஆரம்பித்தார்.

"கடக்காத்து அண்ணே," என்றாள் மங்கை, கூட்டத்துக்குக் கேட்கும்படி. "உப்பு அரிச்சு வயரு உரிஞ்சிருக்கு. இந்த ஊருல எல்லா லைனுக்கும் வர்றதுதான்."

கூட்டம் ஒப்புக்கொண்டது. உப்பு என்றால் காரைக்காலில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ரோழே மட்டும் பீர் மைதீனின் கை போன இடத்தைப் பார்த்தார். தானே மெனக்கெட்டுத் தேர்ந்தெடுத்த மூன்று அங்குலத் திருகாணியை நினைத்துப் பார்த்தார். சின்னதாகப் போட்டால் கொடி ஆடும் என்று பட்டறையில் சண்டை போட்டு வாங்கியது. பிறகு குதிகாலைச் சேர்த்து, அணிவகுப்பில் நிற்பதுபோல நின்றார்.

"உப்பு இல்ல," என்றார். "நான்தான். கொடி மாட்டுறேன்னு ஓட்டை போட்டேன்."

பதக்கங்களோடு நின்ற அந்த மனிதரை அவள் கல்யாணமாகி வந்த நாலு வருஷத்தில் முதல் தடவையாக மங்கைக்குப் பிடித்திருந்தது. உருளைக்கிழங்கு நிறுத்தவர் தராசை ஒரு நாளும் சாய்த்திருக்கமாட்டார் என்று தோன்றியது.

மணி எட்டு இருபது.

திருகாணி கழன்றது. உரிந்த இடத்தில் பீர் மைதீன் கறுப்பு டேப்பை ஆறு சுற்றுச் சுற்றினார். மூன்று சாக்கெட்டும் மாட்டின. ரோழே சாவியைத் திருப்பினார். முள் துள்ளியது, அரை வினாடியில் எஞ்சின் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி உறுமியது. உள்ளேயிருந்து மதாம், எதுவுமே நடக்காதவள் போல, ஒரு வாக்கியம் சொன்னாள்.

"என்னா சொல்றா?" என்று கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

"கதவு சாத்தலையாம்," என்றாள் ழானெத்.

ரோழே கதவைச் சாத்தினார். பிறகு கண்ணாடியை இறக்கி, கையில் இருந்த கொடியைப் பரிதாபமாகப் பார்த்தார். கொடி இல்லாமல் பதினாலாம் தேதி காரை எடுப்பது அவரால் முடியாது. அதே இடத்தில் கொடியை மாட்டுவது காரால் முடியாது.

"மேல ரேடியோ ஏரியல் இருக்கே மாமா," என்றாள் மங்கை. "அதுல கட்டிடலாம். இதைவிட ஒசரம்."

ஒசரம் என்ற சொல் வேலை செய்தது. பீர் மைதீனின் கறுப்பு டேப்பால் கூரைமேல் ஏரியலில் கட்டிய மூவர்ணக்கொடியோடு கார் லெமேர் வீதியைத் தாண்டியபோது மணி எட்டு முப்பத்தைந்து. பின்னால் ழானெத்தும் மங்கையும். இந்த இடத்தில் கூட்டம் கைதட்டியதாக ரோழே பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். தட்டியது உண்மைதான். யாருக்கு என்பதில் தெருவில் இரண்டு கருத்து இல்லை.

நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைத்தார்கள், பாட்டுப் பாடினார்கள், ஒரு பெரியவருக்கு வெயிலில் தலை சுற்றியது. எல்லாம் வழக்கம்போல. விடுதியில் இறங்கும்போது அதிகாரி ஏரியலைக் காட்டி ஏதோ கேட்டார். ரோழே மார்பை நிமிர்த்திக்கொண்டு நீளமாகப் பதில் சொன்னார். அதிகாரி திரும்பி மங்கைக்குக் கை நீட்டினார். அவள் பதறிப்போய் வணக்கம் சொன்னாள்.

"அத்தை, மாமா என்ன சொன்னாங்க?"

"எங்க வீட்டு எஞ்சினியர்னு சொன்னாரு உன்னை." ழானெத் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அவரு உத்தரவுப்படி நீ ரிப்பேர் பண்ணினியாம்."

பகல் சாப்பாடு முடிந்தது. மங்கை தட்டை எடுத்தாள், மேசையைத் துடைத்தாள், கை கழுவினாள். பேனா எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ரோழே கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். உள்பையில் கையை விட்டார்.

கடிதத்தை எடுத்து, விரித்து, மேசைமேல் வைத்தார்.

கவிழ்த்து வைத்தார்.

"அந்த மூணு பெட்டி, நடுவுல போற வயரு... அத வரைஞ்சு காட்டு," என்றார் அவளைப் பார்க்காமல். "அடுத்த தடவை வந்தா பீர் மைதீனுக்குத் தெரியணும்ல."

அவள் காகிதத்தைப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. தட்டச்சு எழுத்துகளின் முற்றுப்புள்ளிகள் மட்டும் மேடாகத் தெரிந்தன. அவள் மூன்று சதுரம் போட்டாள். கோடு இழுத்தாள். கோடு பிரியும் இடத்தில் பொட்டு வைத்தாள். மட்கார்டு ஓரத்தில், திருகாணி குத்திய இடத்தை மட்டும் குறிக்காமல் விட்டாள்.

அவர் பேனாவை வாங்கி அந்த இடத்தில் தானே ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"புஸ்தகத்து உறைக்குள்ள வை. வண்டியோட இருக்கட்டும்." எழுந்து சாவியை எடுத்தார். "ரெண்டு மணிக்குத்தானே டியூட்டி? நான் கொண்டு விடறேன். வெயிலா இருக்கு."

எக்ஸ்சேஞ்சு வாசலில் பேசும் கார் வந்து நின்றதை ஜன்னல்களிலிருந்து பார்த்தார்கள். அவள் இறங்கியதும், கதவை ஒரு தடவை அரைகுறையாய்ச் சாத்தி, மதாமைப் பேசவைத்து, அதன்பிறகுதான் ரோழே போனார்.

மங்கை படியேறும்போது தன்னை அறியாமல் மெல்லிய குரலில் பாடிக்கொண்டே ஏறினாள். லைன் போடும் பலகைக்கு முன்னால் தன் இடத்தில் உட்கார்ந்து காதில் கருவியை மாட்டப் போனபோது, மேற்பார்வையாளர் அமீர் நிஷா பின்னால் வந்து நின்றாள். வழக்கமான அதட்டல் இல்லை.

"மங்கை, காலைத் தபால்ல இது வந்துச்சு. ஆபீஸ் பேருக்கு. நான்தான் பிரிச்சேன்."

நீலமும் சிவப்பும் கரையிட்ட விமானத் தபால் உறை. பிரெஞ்சு ஸ்டாம்பு. அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். பனியையும் மெத்ரோ ரயிலையும் எழுதிய அதே கையெழுத்து.

என் மனைவி மங்கையர்க்கரசி இந்த மாதக் கடைசியோடு வேலையிலிருந்து விலகுகிறாள். அவளிடமிருந்து தனிக் கடிதம் வரும். தயவுசெய்து விடுவிக்கவும். இப்படிக்கு, சார்ல் அம்மையப்பன்.

"இத நான் இன்னும் மேல அனுப்பல," என்றாள் அமீர் நிஷா. "அஞ்சு மணிக்குத் தபால் கட்டுவாங்க. அதுக்குள்ள சொல்லு. என்னா பண்ணட்டும்?"

மங்கை கடிதத்தை இரண்டாம் தடவை படித்தாள். அப்பா சொல்லிப் பிள்ளை எழுதினானா? பிள்ளை கேட்டு அப்பா தட்டச்சுக்குப் போனாரா? இரண்டு வருஷமாக இந்த முனையில் எல்லோரும் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். பேசுகிற முனையில் நேராக வைத்து இதுவரை யாரும் கேட்கவில்லை. அவளும்தான்.

அங்கே இப்போது காலை பத்தரை. பதினாலாம் தேதி; அங்கே விடுமுறை. வீட்டில்தான் இருப்பான்.

ஆறு வருஷத்தில் ஊரில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ தேசத்துக்கு லைன் போட்டுக் கொடுத்தவள், தனக்கென்று ஒரு கால் போட்டதில்லை. சீட்டை எடுத்தாள். ஊர்: பாரீஸ். எண் மனப்பாடம். யாருடன் பேச வேண்டும் என்ற இடத்தில் சார்ல் அம்மையப்பன் என்று எழுதினாள். வேறு யார் எடுத்தாலும் வேண்டாம். பெயர் போட்ட பி.பி. கால்.

"பில்லை எங்க வீட்டு நம்பர்ல எழுதிக்கங்கக்கா," என்றாள்.

அமீர் நிஷா சீட்டைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, கடித உறையை எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துச் சாத்தினாள்.

மங்கை இணைப்புக் கயிற்றை எடுத்துப் பலகையில் மெட்ராஸ் துளையில் செருகினாள். ஒரு மணி நேரம் போல இருந்த இருபது நிமிஷத்துக்குப் பிறகு மெட்ராஸ் திரும்ப அழைத்தது.

"காரைக்கால், உங்க பாரீஸ் ரெடி. பார்ட்டிய லைன்ல விடுங்க."

"பார்ட்டி நான்தான்," என்றாள் மங்கை.

கடலுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது மணி பாதியில் நின்று, டக் என்று யாரோ ரிசீவரை எடுத்தார்கள்.